பாதையும் உடைமையும்: வலையமைப்பு வழிப்படுத்தற் பாடங்கள் பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கணினி முறைமைகளை நிர்வகிப்போருக்கும் மென்பொருள் ஆக்குவோருக்கும் வலையமைப்பு வழிப்படுத்தலின் அடிப்படைகளைக் கற்பிக்கும் நூல்கள் இன்று பெருந்தொகையாக உள்ளன. இத்தகைய நூல்களை இலக்கிய விமர்சனத்தின் ஆய்வுப்பொருளாகக் கொள்வது சிலருக்கு வியப்பளித்தல் கூடும். எனினும், பாடநூல் என்பதும் ஓர் எழுத்துவகையே. அதற்கென உவமைகள் உள்ளன. எடுத்துரைப்பு முறை உள்ளது. யாவற்றுக்கும் மேலாக, அதற்கென மௌனங்கள் உள்ளன. பாடஞ்சொல்லலின் வரலாற்றையும் பாடங்கேட்டலின் வரலாற்றையும் இலக்கணத்தின் தலைவாயிலிலேயே வைத்தது நன்னூற் பாயிரம். கற்பிக்கும் எழுத்து விமர்சனத்துக்குப் புறம்பானது என்ற எண்ணம் நமது மரபிலே தோன்றியதன்று. ஒரு துறையில் உழைப்போர் அத்துறையை எவ்வாறு விளங்கிக்கொள்கின்றனர் என்பதை முதலில் நிர்ணயிப்பது அவர்கள் கற்ற பாடநூல் என்பதாலேயே, இப்பாடங்களை இங்கு நோக்க முற்படுகின்றோம்.

முதலில், இப்பாடங்கள் எதனைக் கூறுகின்றன என்பதைத் துறைக்குப் புறத்தேயுள்ள வாசகருக்காகச் சுருங்கக் கூறுதல் வேண்டும். பாடம் பெரும்பாலும் ஒரு தனிக் கணினியிலிருந்து தொடங்கும். அதன் முகவரி 192.168.10.25 என்றும், அம்முகவரியின் முதல் 24 பிட் அது சார்ந்த வலையமைப்பைக் குறிப்பன என்றும் கொள்வோம். அது 192.168.10.40 என்ற முகவரிக்குத் தரவுப் பொதியொன்றை அனுப்ப வேண்டின், இரு முகவரிகளின் முற்பகுதியும் ஒத்திருப்பதால் நேரே அனுப்பிவிடும். ஒவ்வாதவிடத்து, ரூட்டர் எனப் பேச்சுவழக்கில் வழங்கும் வழிப்படுத்தியிடம் பொதியை ஒப்படைத்துவிட்டு ஓய்ந்துவிடும். வழிப்படுத்தியோ தன் அட்டவணையைப் பார்த்து, அடுத்து யாரிடம் கொடுப்பது என்பதை மாத்திரமே தீர்மானிக்கும். அட்டவணையில் 10.0.0.0 என்ற வலையமைப்பு 8 பிட் முன்னொட்டோடும், 10.20.0.0 என்பது 16 பிட் முன்னொட்டோடும் இருந்தால், 10.20.3.4 ஐ நோக்கிச் செல்லும் பொதி இரண்டாவதன் வழியே செல்லும். மிக நீண்டு பொருந்தும் முன்னொட்டே வெல்லும் என்பது விதி. பொதி ஒவ்வொரு வழிப்படுத்தியைக் கடக்கும்போதும் அதன் ஆயுள் எண் ஒன்றாற் குறையும். சுழியமானதும் பொதி எறியப்படும். எறிந்த வழிப்படுத்தி அனுப்பும் அறிவித்தலைக் கொண்டே, பொதி செல்லும் வழியிலுள்ளோர் யாவர் என அறியும் கருவியை வான் ஜேக்கப்சன் 1987 இல் ஆக்கினார். இவற்றோடு மற்றுமொன்றையும் சேர்த்தல் வேண்டும். போன பாதையும் திரும்பும் பாதையும் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. கேள்வி போய்ச் சேர்ந்தமையால் விடையும் வந்து சேரும் என்று நம்பி நாட்கணக்கில் அல்லலுறும் மென்பொருள் ஆக்குநர் பலர். இதனைத் தெளிவுறக் கூறாத பாடத்தை அடிப்படைப் பாடம் என்று அழைப்பதற்கில்லை.

இவ்வளவும் பல நூல்களில் நன்றாகவே கற்பிக்கப்படுகின்றன. நமது வினா வேறிடத்தே எழுகின்றது.

வழிப்படுத்தலை விளக்கப் புகும் ஆசிரியர் எவரும் முதலிற் கைக்கொள்ளும் உவமை தபாற் சேவையாகும். பொதி கடிதமாகவும், முகவரி உறையின் மேலெழுத்தாகவும், வழிப்படுத்தி தபாற் கந்தோராகவும் உருவகிக்கப்படும். தொடக்க நிலையிலே இவ்வுவமை பயன் தருவது என்பதில் ஐயமில்லை. ஆனால், உவமை தான் காட்டும் ஒப்புமையோடு தன் சமூகப் பின்னணியையும் உடன் கொணர்கின்றது. தபால் என்பது 1874 இல் அமைந்த சர்வதேசத் தபாற் சங்கத்தின் உடன்படிக்கைகளால் ஒழுங்குசெய்யப்பட்ட, பெரும்பாலும் அரசுகள் நடத்திய பொதுச்சேவை. கடிதம் எவ்விடத்துக்காயினும் சென்றாக வேண்டும் என்ற கடப்பாடு அதற்கு உண்டு. கடிதத்தின் மேல் முத்திரை உண்டு. யார் எவ்வளவு செலுத்தினார் என்பது கண்ணுக்குத் தெரியும். தரவுப் பொதியின் மேல் முத்திரை இல்லை. பணம் வேறொரு தளத்தில், ஒப்பந்தங்களின் வாயிலாகக் கைமாறுகின்றது. தபால் உவமையைக் கேட்டு வளரும் மாணவன், இணையமும் அத்தகையதொரு பொதுச்சேவை, பொதியை ஏற்றுச் செல்வது வழிப்படுத்தியின் இயல்பு என எண்ணிவிடுகின்றான்.

முகவரி என்ற சொல்லும் இவ்வாறே மயக்கந் தருவது. வீட்டு முகவரி நிலத்தைக் குறிப்பது. ஐ.பி. முகவரி அவ்வாறன்று, பதிவகங்கள் நிறுவனங்களுக்குத் தொகுதி தொகுதியாக வழங்கியவற்றிலிருந்து பெறப்படுவது. சிறு நிறுவனமொன்று தன் சேவை வழங்குநரிடமிருந்து முகவரித் தொகுதியைப் பெற்றிருப்பின், வழங்குநரை மாற்றும் அன்று அம்முகவரிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் கணினிகளுக்குப் புதிய இலக்கங்களை இடவேண்டும். குத்தகைக் காணியில் வீடு கட்டியவனின் நிலை இது. 1993 இல் வகுக்கப்பட்ட வகுப்பற்ற முகவரி முறை, அட்டவணைகள் அளவிறந்து பெருகாமற் காத்தது என்பது உண்மை. முகவரிகளை வழங்குநரின் தொகுதியோடு பிணைப்பதன் மூலமே அது அதனைச் சாதித்தது என்பதும் உண்மை. பாடநூல்கள் முன்னதை விரித்துரைக்கின்றன. பின்னதைத் தொட்டுச் செல்வதோடு அமைகின்றன.

தமிழ் இலக்கியம் பயின்றோருக்கு இவ்விடத்தில் ஆற்றுப்படை நினைவுக்கு வருதல் இயல்பே. ஆறு என்பது வழி. வழியிற் செலுத்துதலே ஆற்றுப்படுத்தல். பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் இவ்வகையின. அவற்றில், கடவுளிடத்து ஆற்றுப்படுத்தும் திருமுருகாற்றுப்படை நீங்கலான நான்கிலும், பரிசில் பெற்று மீளும் கலைஞன் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு வள்ளலிடம் செல்லும் வழியைக் கூறுகின்றான். ஒப்புமையை மிகைப்படுத்தல் ஆகாது: அக்கலைஞன் முழுவழியையும் அறிந்து கூறுகின்றான், வழிப்படுத்தியோ அடுத்த எட்டை மாத்திரம் அறியும். ஆயினும் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. ஆற்றுப்படையில் வழி ஒருபோதும் வெறும் நிலவியலாக நின்றதில்லை. யார் யாருக்குக் கொடுக்கின்றான் என்ற உறவே அவ்வழியை வழியாக்கியது; அப்புலவர்கள் அதனை மறைக்கவும் முயலவில்லை. இன்றைய வழிப்படுத்தற் பாடத்தில் இல்லாதது இவ்வெளிப்படையே.

இத்துறையின் செவ்விய நூல்களுள் ஒன்றாகிய றிச்சர்ட் ஸ்டீவன்ஸின் ‘ரி.சி.பி./ஐ.பி. விளக்கப்படங்களுடன்’ என்ற நூலின் முதற்றொகுதியை (1994) எடுத்துக்கொள்வோம். கோட்பாட்டுக் கூற்றுகளை அடுக்காமல், கம்பியிலே உண்மையாகச் சென்ற பொதிகளைப் பிடித்து, அவற்றை வரிவரியாக வாசகர் முன் வைத்தது அந்நூல். கற்பித்தலில் அது ஒரு பாய்ச்சல் என்பதை நாம் தயக்கமின்றி ஏற்றுக்கொள்கின்றோம். ஆனால், இம்முறையின் எல்லையையும் காணுதல் வேண்டும். 1936 இல் லூக்காச் எடுத்துரைத்தலையும் விவரித்தலையும் வேறுபடுத்தி எழுதிய கட்டுரையை முற்போக்கு விமர்சகர் அறிவர். புலனுக்குத் தோன்றுவதை நுணுக்கமாக விவரிப்பது இயற்பண்புவாதம். தோற்றங்களை உருவாக்கும் சமூக உறவுகளை அவற்றின் முழுமையில் வைத்துக் காட்டுவது யதார்த்தவாதம். கம்பியிற் பிடித்த பொதி இயற்பண்புவாதத்தின் உச்சநிலைச் சான்று எனலாம். அதில் எல்லாம் தெரியும், ஒப்பந்தம் மட்டும் தெரியாது. நிறுவனங்களுக்கிடையிலான வழிப்படுத்தலுக்கு ஸ்டீவன்ஸ் ஒதுக்கிய இடம் சொற்பம். அங்கும், வழிப்படுத்தற் கொள்கைகள் அரசியல், பாதுகாப்பு, பொருளாதாரம் ஆகியவற்றைச் சார்ந்தவை என்று போகிறபோக்கிற் கூறிவிட்டு அவர் மேலே சென்றுவிடுகின்றார். கதையின் கரு அந்த ஒரு வாக்கியத்திலேயே அடங்கிக் கிடக்கின்றது.

அக்கருவைச் சற்று விரித்து நோக்குவோம். ஒரே உடைமையாளரின் வலையமைப்புக்குள்ளே வழிப்படுத்தல் கணிதத்தால் நிகழ்கின்றது. ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு செலவு எண் இடப்படும். கூட்டுத்தொகை குறைந்த பாதை தெரிவுசெய்யப்படும். டைக்ஸ்ட்ரா 1956 இல் கண்டு 1959 இல் வெளியிட்ட கணிப்புமுறை இதற்கு அடிப்படை. இணையம் இத்தகைய பல்லாயிரம் வலையமைப்புகளின் சேர்க்கை. அவை தன்னாட்சி முறைமைகள் எனப் பெயர்பெறும். அவற்றுக்கிடையே பாதைகளை அறிவிப்பது எல்லைவாயில் நெறிமுறை. 1989 சனவரியில், ஒஸ்ரின் நகரில் நடைபெற்ற கூட்டமொன்றின் உணவு வேளையிலே கைதுடைக்கும் தாள்களில் லஹீட், ரெக்ற்றர் ஆகிய இருவரும் அதனை வரைந்தனர் என்ற செய்தி துறையினர் யாவரும் சுவைத்துக் கூறுவது. (மேதைகளும் உணவுத் தாள்களும் பற்றிய இக்கதைகளுக்குப் பாடநூல்களில் என்றும் இடம் கிடைத்துவிடுகின்றது.) வரலாற்றாசிரியனுக்கு முக்கியமானது, அந்நெறிமுறை எச்சூழலிற் பரவியது என்பது. அமெரிக்கத் தேசிய விஞ்ஞான மன்றத்தின் அரச நிதியில் இயங்கிய முதுகெலும்பு வலையமைப்பில் வணிகத் தரவோட்டத்துக்கு இடமளிக்கப்படவில்லை. 1995 ஏப்பிரலில் அச்சேவை முடிவுற்றது. முதுகெலும்பு தனியார் கம்பனிகளின் கைக்கு மாறியது. ஒரு நடுநாயகமான வலையமைப்பை எடுகோளாகக் கொண்டிருந்த முன்னைய நெறிமுறை வழக்கொழிந்து, சமமற்ற பல உடைமையாளர் தத்தம் நலனுக்கேற்பப் பாதைகளை ஏற்கவும் மறுக்கவும் இடந்தரும் நெறிமுறை நிலைபெற்றது.

இந்நெறிமுறையில் ஒரே இடத்துக்குப் பல பாதைகள் அறிவிக்கப்படின், பாதையின் நீளம் முதலில் நோக்கப்படுவதில்லை. உடைமையாளர் தாமே இடும் விருப்ப எண்ணே முதலில் ஒப்பிடப்படும். அவ்வெண் பெரும்பாலும் எவ்வாறு இடப்படுகின்றது? பணம் செலுத்தும் வாடிக்கையாளர் வழியான பாதைக்கு முதலிடம். பணமின்றித் தரவைப் பரிமாறும் சமானர் வழியான பாதைக்கு அடுத்த இடம். தாம் பணம் செலுத்தும் வழங்குநர் வழியான பாதைக்கு இறுதியிடம். பாதைகளை அறிவிப்பதிலும் இதுவே தருக்கம். வழங்குநரிடமோ சமானரிடமோ அறிந்த பாதையை வாடிக்கையாளருக்கு மாத்திரம் அறிவிப்பர்; மற்றொரு வழங்குநருக்கு அறிவிப்பின், இரு செல்வர்களுக்கிடையே கூலியின்றிச் சுமைகாவும் நிலை ஏற்படும். எனவே, கம்பி இருந்தும் பாதை இல்லை என்ற நிலை இணையத்தில் இயல்பானது. குறுகிய பாதையே சிறந்த பாதை என்று கற்ற மாணவன் இங்கு திகைப்பது தவிர்க்க முடியாதது.

கென்யாவின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. நைரோபியில் ஒரு வழங்குநரின் வாடிக்கையாளர் மற்றொரு வழங்குநரின் வாடிக்கையாளருக்கு அனுப்பிய பொதி, கடல் கடந்து வேற்றுக் கண்டத்துக்குச் சென்று, அதே நகருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரு வழித் தரவோட்டத்துக்கும் வெளிநாட்டு இணைப்புக் கட்டணம் செலுத்தப்பட்டது. இதனை ஒழிக்க உள்ளூர் வழங்குநர்கள் கூடி 2000ஆம் ஆண்டின் இறுதியில் இணையப் பரிமாற்று நிலையமொன்றை அமைத்தனர். அன்று சர்வதேச இணைப்பில் தனியுரிமை பெற்றிருந்த ரெல்கொம் கென்யா, இது தன் தனியுரிமையை மீறுவதென முறையிட்டது. ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு நிலையத்தை மூடுவித்தது. நெடிய வாதப் பிரதிவாதங்களின் பின், உரிமம் வழங்கப்பட்டு 2002 இல் நிலையம் மீண்டும் இயங்கத் தொடங்கியது. ஒரே நகரில் ஒரு சாதனத்தையும் சில கம்பிகளையும் பொருத்துவதே தொழினுட்பப் பணி. ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் அதனைத் தடுத்தது கணிதமன்று. வழிப்படுத்தற் பாடமொன்றில் இவ்வரலாற்றுக்கு இடமில்லை என்போர், பொதி ஏன் கடல் கடந்தது என்ற வினாவுக்கு வேறெவ்வாறு விடை கூறுவர் என்பதை நாம் அறிய விரும்புகின்றோம்.

இங்கு கொச்சையான முடிவொன்றுக்கு எதிராகவும் எச்சரித்தல் அவசியம். கணிப்புமுறையே முதலாளித்துவத்தின் சதி, நெறிமுறையே வர்க்கக் கருவி என நம்மவருள் எவரேனும் கூற முற்படின் அது மார்க்சியமாகாது. நீண்ட முன்னொட்டே வெல்லும் என்ற விதிக்கு வர்க்கம் இல்லை. அவ்விதி எந்த உறவுகளுக்குள்ளே செயற்படுகின்றது என்பதே வினா. 2008 பெப்ரவரி 24 இல் நிகழ்ந்ததை நோக்குக. யூரியூப் தளத்தை நாட்டினுள் தடுக்குமாறு அரசு இட்ட ஆணையை நிறைவேற்றப் புகுந்த பாகிஸ்தான் ரெலிகொம், 208.65.153.0 என்ற 24 பிட் முன்னொட்டை அறிவித்தது. யூரியூப் அறிவித்திருந்ததோ 208.65.152.0 என்ற 22 பிட் முன்னொட்டு. ஹொங்கொங்கிலிருந்த மேல்நிலை வழங்குநர் அவ்வறிவிப்பைச் சரிபார்க்காது உலகுக்குப் பரப்பியது. முதற்பாடத்தின் எளிய விதி தன் கடமையைச் செய்தது. உலகின் பல பகுதிகளிலிருந்து யூரியூப்பை நோக்கிய பொதிகள் பாகிஸ்தானை நோக்கிச் சென்றன. ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அது நீடித்தது. அரச ஆணை, வாடிக்கையாளரின் அறிவிப்பை வினவாது ஏற்கும் வணிக வழக்கம், பிட்டுகளை ஒப்பிடும் விதி ஆகிய மூன்றும் சந்தித்த இடம் அது. இவற்றுள் ஒன்றை மாத்திரம் கற்றவன் அந்நிகழ்வை விபத்தென்றே கொள்வான்.

தொடக்க மாணவருக்கு இவையெல்லாம் மிகை, முதலிற் கணிதம் வரட்டும், பொருளாதாரம் பின்னர் வரலாம் என்ற ஆட்சேபம் நேர்மையானது. அனுபவமிக்க ஆசிரியர் பலர் இதனைக் கூறுவர். ஆயினும், ‘பின்னர்’ என்பது பெரும்பாலான பாடத்திட்டங்களில் வருவதேயில்லை. மேலும், எளிமைக்கும் மௌனத்துக்கும் வேறுபாடு உண்டு. றாடியா பேர்ல்மனின் ‘இன்ரர்கனெக்சன்ஸ்’ (முதற்பதிப்பு 1992, இரண்டாம் பதிப்பு 1999) இதற்குச் சான்று. நெறிமுறைகளை வானத்திலிருந்து விழுந்தவையாகக் காட்டாமல், மாற்றுவழிகளிலிருந்து மனிதர் செய்த தெரிவுகளாக, சில நல்லவை சில தவறானவை எனத் தீர்ப்புக் கூறி அவர் எழுதினார். பொருளாதார உறவுகளுக்குள் அவர் ஆழச் செல்லவில்லை எனினும், தெரிவு என்ற எண்ணத்தை மாணவன் மனத்தில் விதைத்துவிடுவதால் அடுத்த வினாவுக்கு வழி திறக்கின்றார். அதுவே நல்ல பாடநூலின் பண்பு என்பது நமது கருத்து.

இவ்விடயம் வெறும் கருத்துநிலைப் பிரச்சினை மாத்திரமன்று. உழைப்புப் பிரிவினையோடும் தொடர்புடையது. 1974 இல் வெளியான ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்ற நூலில் ஹரி பிரேவர்மன், தொழிலைத் திட்டமிடும் அறிவு உழைப்பாளரிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டு நிர்வாகத்திடம் குவிவதை விளக்கினார். நிர்வாகி ஒருகாலத்தில் வழிப்படுத்தியைத் தன் கையாற் பொருத்தினார். இன்று மென்பொருள் ஆக்குநர் பெருங் கம்பனியொன்றின் வாடகைக் கணினிகளில் வேலை செய்கின்றார். அவருக்கும் வழிப்படுத்தல் அட்டவணை என்ற பெயரில் ஒரு படிவம் காட்டப்படுகின்றது. அதில் அவர் இரண்டு மூன்று வரிகளை நிரப்புகின்றார். அதற்கு அப்பாலுள்ள பாதை அனைத்தும் உடைமையாளரின் உள்விடயம். இப்படிவத்தை நிரப்பக் கற்பிப்பதே வழிப்படுத்தல் கற்பிப்பது என்று கொள்ளும் பாடங்கள் பெருகி வருகின்றன. 2021 ஒக்ரோபர் 4 இல் பேஸ்புக் சேவைகள் ஏறத்தாழ ஆறு மணிநேரம் முடங்கியமை அப்பாடங்களின் வறுமையைக் காட்டிற்று. பராமரிப்பு வேளையில் இட்ட கட்டளையொன்று அதன் முதுகெலும்பு இணைப்புகளைத் துண்டித்தது. அதனை உணர்ந்த பெயர்ச் சேவையகங்கள் தமக்கான பாதைகளின் அறிவிப்பைத் தாமே மீளப்பெற்றன. சேவையகங்கள் பழுதின்றி இயங்கின, அவற்றை அடையும் பாதைதான் உலகின் அட்டவணைகளில் இல்லை. பெயர் கிடைக்கவில்லை என்ற பிழைச்செய்தியை மட்டும் கண்ட ஆக்குநருக்கு, பெயருக்கும் பாதைக்குமுள்ள உறவு கற்பிக்கப்படாவிடின், அன்று நிகழ்ந்தது விளங்கியிராது.

நடைமுறை சார்ந்து ஒன்றைக் கூறலாம். உறவுகள் முற்றாக மறைந்திருப்பவையல்ல. யாரிடமிருந்து எப்பாதையை ஏற்பது, யாருக்கு எதனை அறிவிப்பது என்பதை எழுதுவதற்கென்றே 1999 இல் ஒரு கொள்கை விவரண மொழி வரையறுக்கப்பட்டது. பதிவகங்களின் தரவுத்தளங்களில் அம்மொழியில் எழுதப்பட்ட பதிவுகளை எவரும் வாசிக்கலாம். எல்லாம் மெய்யும் அல்ல, புதியனவும் அல்ல. பல பதிவுகள் ஆண்டுக்கணக்கிற் கவனிப்பாரற்றுக் கிடப்பவை. ஆயினும் மாணவரிடம் ஒரு பாதைச் சுவட்டையும் அப்பாதையிலுள்ள முறைமைகளின் பதிவுகளையும் ஒருங்கே கொடுத்து, யார் யாருக்குப் பணம் செலுத்துகின்றார் என ஊகித்து எழுதச் செய்யும் பயிற்சி ஒரு பிற்பகலில் முடியக்கூடியது. ஊகம் எங்கு தவறுகின்றது என்ற விவாதம் அதனிலும் பயன்மிக்கது.

தமிழில் இப்பாடத்தை எழுதுவோருக்குக் கலைச்சொற்களிலும் இவ்வினா காத்திருக்கின்றது. வலையமைப்பின் வாயிலைப் படலை என்று அழைத்தால் யாழ்ப்பாணத்து மாணவருக்கு உடனே விளங்கும். படலைக்கு உள்ளே நம் வளவு, வெளியே பிறர் ஒழுங்கை என்ற உடைமை உணர்வும் அச்சொல்லோடு கூடி வரும். தன்னாட்சி முறைமை என்பதில் ஆட்சி யாருடையது என்பது தெரிவதில்லை. பணமின்றித் தரவைப் பரிமாறுவோரைச் சமானர் என மொழிபெயர்க்கின்றோம். சமானராக ஏற்றுக்கொள்ளும் நிபந்தனைகளை விதிப்பவர் இருவருள் பெரியவரே. அச்சொல்லுக்கு இதனிலும் பொருத்தமான தமிழைக் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டிருப்போர் முன்மொழிவார்களாயின், அதனை இவ்விதழின் பக்கங்களிலேயே விவாதிக்கலாம்.